மாப்பிள்ளை போட்ட கால்

அத்தையின் வலது முழங்காலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகடு கெட்ட சரக்கு என்று தெரியவந்த காலையில், மாப்பிள்ளையின் கண்முன் முதலில் வந்து நின்றது அந்த முழங்கால் அல்ல, அத்தையின் முகம்.

அவன் செயற்கை மூட்டுகள் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆள். விற்பவன் என்றால் கடையில் உட்கார்ந்து விற்பவன் அல்லன். மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்துவிட்டால், அளவு வாரியாக அடுக்கிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவான். பச்சை உடை மாட்டி, வாயையும் மூக்கையும் மூடி, அறுவை அரங்கின் ஒரு மூலையில் எதையும் தொடாமல் நிற்பான். மருத்துவர் எலும்பை அளந்து ஓர் அளவைச் சொன்னதும், அதற்குரிய உறையை எடுத்து அதன்மேல் அச்சிட்டிருப்பதை உரக்கப் படிப்பான். செவிலி அதைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் உறை பிரியும். இந்த வேலை என்னவென்று உறவினர்களுக்குப் புரியவைக்க முயன்று தோற்ற பிறகு, அவர்கள் வைத்த பெயரையே அவன் ஏற்றுக்கொண்டான். குடும்பத்தில் அவன் 'முழங்கால் மாப்பிள்ளை'.

அன்று காலை மேலாளர் எல்லாரையும் கிடங்கில் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். செயற்கை மூட்டில் மேலே ஓர் உலோகம், கீழே ஓர் உலோகம், இரண்டும் உரசாமல் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு. அந்தத் தகட்டைக் காற்றுப் புகாத உறையில் இட்டு அனுப்புவார்கள். உறைக்குப் பல அடுக்குகள். குறிப்பிட்ட காலத்தில் செய்த உறைகளில், காற்றைத் தடுக்கும் அடுக்கு மட்டும் விடுபட்டுப் போயிற்றாம். அதனால் தகடு அலமாரியில் இருக்கும்போதே கிழடு தட்டிவிடும். உடம்புக்குள் போனால் தேய வேண்டிய காலத்துக்கு வெகு முன்னதாகவே தேயும். எனவே கையிருப்பில் உள்ளவற்றையெல்லாம் உடனே திரும்பப் பெற வேண்டும் என்றார் மேலாளர். உடம்புகளுக்குள் உள்ளவற்றைப் பற்றி அவர் சொன்னது மிகவும் சுருக்கம்: அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அலமாரியில் அதிக நாள் காத்திருந்த தகடு அதிகமாகக் கெட்டிருக்கும். இதைக் கேட்டதும் மாப்பிள்ளை தன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். அதற்குக் காரணம் உண்டு.

அத்தை ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். பழகுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். அத்தை பக்கத்து இருக்கையில் இருப்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பழகுபவர் தம் குலதெய்வத்தை அழைக்கும் நேரத்தில் அத்தை பிரேக்கை மிதிப்பார்.

மாப்பிள்ளையும் அவரிடம் பழகியவன்தான். அவனைத் தேர்வுக்கு அனுப்ப அத்தைக்கு மனமே வரவில்லை. வலப்பக்கம் திரும்பச் சொன்னால் எதிரே வருகிறவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்புகிறான் என்பது அவர் கண்ட குறை. அப்படிப்பட்டவன், ஸ்கூல் அலுவலக அறையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த அவருடைய மகளைப் பெண் கேட்டால் எப்படி இருக்கும்? அத்தை மறுக்கவில்லை, மகிழவும் இல்லை. திருமணத்துக்குப் பின்னும் அவர் அவனிடம் நேரே பேசியதில்லை. "அவரைச் சாப்பிட வரச் சொல்லு", "அவர் கிளம்பிட்டாரான்னு கேளு" என்று, பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்கும் மகள் வழியாகத்தான் தபால் போகும். அத்தையின் மூட்டு தேய்ந்த பிறகே அந்தத் தபால் நின்றது.

மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அத்தை முதன்முறையாக அவனை நேரே பார்த்து, "மாப்பிள்ளை, இதுல உங்களுக்குத் தெரியாதது இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவன் மலையைப் பெயர்க்கவும் ஆயத்தமாக இருந்தான். எக்ஸ்ரே படத்தை வைத்து அவருடைய அளவை முன்கூட்டியே கணித்தான். அந்த அளவில் நல்ல சரக்கு என்று தனக்குத் தோன்றியதைத் தேர்ந்தெடுத்து, கிடங்கில் தன் அலமாரியின் உட்புறத்தில் வைத்து, 'எடுக்காதீர்கள்' என்று சீட்டும் ஒட்டினான். அத்தையோ தள்ளிப்போட்டார். பழகியவர்களுக்குத் தேர்வு வருகிறது என்றார்; புது வண்டி வரட்டும் என்றார்; உதவிக்கு இருந்த பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார் என்றார். அத்தனை நாளும் தகடு அலமாரியில் இருந்தது. இடையில் அதே அளவு பிறருக்கு அவசரமாகத் தேவைப்பட்டபோதுகூட அவன் வேறு ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தானே ஒழிய, அதைத் தொடவில்லை. கோழி முட்டையை அடைகாப்பதுபோல் காத்தான்.

ஒருவழியாக அறுவை நடந்தது. அத்தை எழுந்து நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காலை 'டாக்டர் போட்ட கால்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும், "இது மாப்பிள்ளை போட்ட கால்" என்றே சொன்னார். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரின் எதிரிலேயே சொன்னார். டாக்டரும் அவரிடம் வண்டி பழகியவர்தான். இன்றைக்கும் அத்தை பார்த்துக்கொண்டிருந்தால் காரைப் பின்னால் எடுக்க மாட்டார். "அப்ப நான் என்னதாங்க போட்டேன்?" என்று அவர் சிரித்தபோது, "நீங்க தையல் போட்டீங்க" என்றார் அத்தை.

மேலாளர் கொடுத்த பட்டியலில் அத்தையின் தகட்டு எண்ணும் இருந்தது. அந்தக் காலைத்தான் இப்போது கெட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

மாப்பிள்ளை மற்ற வேலைகளையெல்லாம் மின்னல் வேகத்தில் முடித்தான். ஒவ்வொரு மருத்துவமனைப் பண்டகச்சாலையிலும் ஏறி இறங்கி, உறைகளை எண் பார்த்துப் பிரித்து, கிடங்கில் கொண்டுவந்து சேர்த்தான். அத்தைக்கு அறுவை செய்த டாக்டரிடமும் விவரம் சொன்னான். அவர், அத்தையை உடனே அழைத்து வந்து படம் எடுக்க வேண்டும் என்றார். தகடு படத்தில் தெரியாது. ஆனால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி தெரியும். அது குறைந்திருந்தால் தகடு தேய்ந்திருக்கிறது என்று பொருள். "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அத்தையின் எண்ணைத் தொலைபேசியில் எடுப்பான். ஒரு பாடம் நடந்துகொண்டிருக்கும் நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவான்.

வீட்டில் மனைவியிடம் அவனால் மறைக்க முடியவில்லை. தட்டின் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தவனைப் பார்த்து, என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்; அலமாரியையும் சீட்டையும் சேர்த்தே சொன்னான். அவளுக்கு முதலில் தாயை நினைத்துப் பயம் வந்தது. பிறகு கணவனைப் பார்த்தாள். பயத்துக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிடுங்க. வேணும்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க."

"விளையாடாதே. இப்பதான் என்னோட நேரா பேசுறாங்க. இதைக் கேட்டா மறுபடியும் உன் மூலமாத்தான் பேசுவாங்க."

"பேசட்டுமே, எனக்கென்ன புதுசா? உங்களுக்கு அம்மா பேசணும், எனக்கு அம்மா நடக்கணும்" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஸ்கூல் முற்றத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, அத்தை ஒரு பாடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து, வந்ததும் வந்தீர்கள், பின்னால் ஏறுங்கள், இவரை இறக்கிவிட்டுப் பேசலாம் என்றார். மாட்டேன் என்று அத்தையிடம் சொல்லிப் பழகாதவன் ஏறிக்கொண்டான்.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் ஒரு முடிதிருத்துபவர். கண்ணாடிதான் அவர் தொழில். அதிலிருந்து கண்ணை எடுப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவர் பார்வை நிலைத்திருந்ததை அத்தை இரண்டு தெரு தூரம் பொறுத்துக்கொண்டார்.

"கண்ணாடியைப் பாருங்கன்னு சொன்னது, பின்னாடி வண்டி வருதான்னு பாக்கறதுக்கு. என் மாப்பிள்ளைக்கு முடி வெட்டணுமான்னு பாக்கறதுக்கு இல்லை."

"இல்லம்மா, காதோரம் மட்டும் கொஞ்சம்..."

"ரோட்டைப் பாருங்க."

மற்ற நாளாக இருந்தால் மாப்பிள்ளை சிரித்திருப்பான். இன்று அவன் கண் வேறிடத்தில் இருந்தது. எத்தனையோ பேரின் நடையைப் பார்த்துப் பழகிய கண் அது. அத்தையின் வலது கால் பிரேக்கின்மேல் இல்லை. கியர்ப் பக்கமாக நீட்டி வைக்கப்பட்டிருந்தது. இடது கால்தான் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியே செய்து, மற்றவள் வீட்டில் இல்லை என்பது வெளியே தெரியாமல் மறைப்பதுபோல் இருந்தது அந்தக் காலின் ஓட்டம்.

சந்தைக்கு இறங்கும் சரிவில் வண்டி திரும்பியபோது, முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. முடிதிருத்துபவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார், காலை மறந்துவிட்டார். அத்தைக்கு இப்போது கிளட்சும் பிரேக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். இடது கால் கிளட்சுக்குப் போயிற்று. வலது காலை நகர்த்தினார். அது நகர்ந்தது, ஆனால் அழுந்தவில்லை. அடுத்த நொடி அவர் செய்ததைப் பின்னிருக்கையிலிருந்து மாப்பிள்ளை கண்ணால் கண்டான். தம் முழங்காலின்மேல் கையை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கி, காலைக் கையால் அழுத்தினார். வண்டி குலுங்கி, வேனின் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அத்தையின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் முடிதிருத்துபவரிடம், "இப்படித்தான் நிறுத்தணும். ஆனா இவ்வளவு கிட்ட இல்லை" என்றார். வண்டியை நிறுத்தியது தாம்தான் என்று நம்பிவிட்ட அந்த மனிதர் பெருமையோடு கண்ணாடியைப் பார்த்தார்.

அவரை இறக்கிவிட்ட பிறகு, அலுவலக அறையில் அத்தை மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, சாவிக்கொத்தை முன்னால் வைத்தார். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டு, நேரே கேட்டான்.

"அத்தை, எத்தனை நாளா வலிக்குது?"

"யாருக்கு?"

"உங்க காலுக்கு."

"மாப்பிள்ளை போட்ட காலுக்கு வலியா? நல்லாக் கேட்டீங்க போங்க" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனெனில் அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு அவன் சொன்னான். உறையைச் சொன்னான், விடுபட்ட அடுக்கைச் சொன்னான், காற்றுப் பட்ட தகடு எப்படி உளுத்துப்போகும் என்று சொன்னான். அத்தை குறுக்கே பேசாமல், புது வண்டியின் குறைகளைக் கேட்பவரைப்போல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். எந்தப் பாகம், மேலதா கீழதா நடுவிலதா என்று ஒரே ஒரு முறை விளக்கம் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடியதையும் அவன் சொன்னான்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன் அத்தை. யாருக்கும் குடுக்காம என் அலமாரியிலயே வெச்சிருந்தேன். எத்தனைக்கு எத்தனை அதிக நாள் அலமாரியில இருந்துச்சோ, அத்தனைக்கு அத்தனை மோசமாம். மத்தவங்களுக்குப் போட்டதைவிட உங்களுக்குப் போட்டதுதான் ரொம்பக் கெட்டிருக்கும்."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் தள்ளித் தள்ளிப் போட்டப்பகூட யாருக்கும் குடுக்கலையா?"

"இல்லை."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"உறைக்குள்ள காத்துப் போச்சு. அதை நீங்களா ஊதினீங்க?" என்றார் அத்தை. குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பழகுபவர்களைக் கண்டிக்கும் குரல் அல்ல அது. மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது மருந்து குடிக்கச் சொன்ன குரல்.

அதன் பிறகு அவரும் தம் பக்கத்துக் கதையைச் சொன்னார். சில மாதங்களாகவே படியில் இறங்கும்போது முழங்கால் உள்ளுக்குள் நழுவுவதுபோல் இருக்கிறதாம், மாலையானால் வீங்குகிறதாம், காலை நீட்டி வைத்துக்கொண்டால் அடங்குகிறதாம். டாக்டரிடம் ஏன் போகவில்லை, மகளிடமாவது ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டான்.

"ஊரெல்லாம் மாப்பிள்ளை போட்ட கால், மாப்பிள்ளை போட்ட கால்னு தம்பட்டம் அடிச்சாச்சு. இப்ப கால் வலிக்குதுன்னு சொன்னா, கால் வலிக்குதுன்னா காதுல விழும்? மாப்பிள்ளை சரியில்லைன்னுதான் விழும். பொறுத்துக்கிட்டாப் போகுது, என் கால்தானேன்னு இருந்துட்டேன்."

மாப்பிள்ளைக்கு, அவனே எதிர்பாராமல், கோபம் வந்தது. அத்தையிடம் அதுவரை அவன் காட்டாத பொருள் அது.

"உங்க கால் மட்டுமா அத்தை அது? அந்த முடிவெட்டுறவருக்கும் சேத்துத்தானே அதுல பிரேக் இருக்கு? கையை ஊன்றி அழுத்தினீங்களே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு சாண் தள்ளி நின்னுச்சு, சரி. நாளைக்கு நிக்கலைன்னா? சாவியைக் குடுங்க."

"அடுத்த பாடத்துக்கு ஆள் வெளியில காத்துக்கிட்டிருக்காங்க, மாப்பிள்ளை."

"திருப்பி அனுப்புங்க. பிரேக் சரியில்லாத வண்டியை நீங்க ரோட்டுக்கு எடுப்பீங்களா?"

அவன் அத்தையிடம் 'கொடுங்கள்' என்று கேட்டது வாழ்நாளிலேயே இரண்டு முறை. முதல் முறை மகளைக் கேட்டான். மகளைக் கொடுக்க யோசித்ததைவிடச் சாவியைக் கொடுக்கத்தான் அத்தை அதிகம் யோசித்தார். ஆனால் கொடுத்தார். மேசையின் இந்தப் பக்கத்துக்குக் கொத்தைத் தள்ளிவிட்டு, ஒரு நிபந்தனையும் போட்டார். மறுபடியும் காலைத் திறப்பதாக இருந்தால், மறுபடியும் அவன்தான் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தாலும் அதே கம்பெனியின் தகட்டைத்தான் கொண்டுவர முடியும், வேறு கம்பெனித் தகடு உள்ளே இருக்கும் உலோகத்தில் உட்காராது என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கம்பெனியை யார் கேட்டா? நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

படம் எடுத்ததில் இடைவெளி ஒரு பக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. உலோகங்கள் உறுதியாகவே இருந்தன. தகட்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார் டாக்டர். அவனுடைய மேலாளரோ, சொந்தக்காரருக்கு நடக்கும் அறுவையில் அவன் நிற்க வேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். இது அத்தையின் காதுக்குப் போயிற்று. வேறு ஆள் வந்தால் வேறு நோயாளியையும் அவர்களே அழைத்து வரட்டும், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பினார். மேலாளர் இறங்கிவந்தார்.

அறுவை அரங்கில் அத்தைக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது. மற்றபடி விழிப்பாகவே இருந்தார். மார்புக்கு நேரே ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் டாக்டர் குனிந்து, பழைய தகட்டை நெம்பி எடுத்துத் தட்டில் வைத்தார். மாப்பிள்ளை தன் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான். போடும்போது வெள்ளை வெளேரென்று இருந்த தகடு, பழைய பல்லின் நிறத்தில் மஞ்சளாகியிருந்தது. ஒரு பக்கம், குளியலறையில் கடைசியாக மிஞ்சும் சோப்புத் துண்டுபோல் மெலிந்து வளைந்திருந்தது. இதைத்தான் அவன் அடைகாத்தான். இதன்மேல் நின்றுதான் அவர் அவன் புகழ் பாடினார்.

டாக்டர் அளவைச் சொன்னார். மாப்பிள்ளை புது உறையை எடுத்தான்; அடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தான்; நாளையும் எண்ணையும் இருமுறை சரிபார்த்தான். பிறகு படிக்க வாயைத் திறந்தான். குரல் தழுதழுத்தது. செவிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சத்தமாப் படிங்க மாப்பிள்ளை, இங்க கேக்கலை" என்று அத்தையின் குரல் வந்தது.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் படித்தான். செவிலி திருப்பிச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கமும் ஒரு குரல் அளவையும் எண்ணையும் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிற்று. "மூணு பேருக்கும் சரியா இருந்தா நான் வேலையைப் பாக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். பாருங்கள் என்று அனுமதி கொடுத்தவரும் அத்தைதான்.

மறுநாள் காலை டாக்டர் பார்க்க வந்தபோது, அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தாள். பழைய தகட்டை ஆய்வுக்கு அனுப்புவதற்காக முத்திரையிட்ட பையில் போட்டு, மாப்பிள்ளை கையில் வைத்திருந்தான். அத்தை அதைக் கேட்டு வாங்கினார். தேய்ந்த பிரேக் கட்டைகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அவர். பையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் காலுக்குள்ள இருக்கு?"

மாப்பிள்ளை டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மறைக்கவில்லை. தம்மிடம் போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே நிறையப் பேர் என்றும், கம்பெனி தங்களுக்கு எழுதியிருக்கிறது என்றும், அவரவர் மறுபரிசோதனைக்கு வரும்போது ஒவ்வொருவராகச் சொல்லலாம் என்று எண்ணியிருப்பதாகவும் சொன்னார்.

"வலிச்சாத்தானே வருவாங்க? வலிச்சும் நான் வரலையே" என்றார் அத்தை. பையை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மாப்பிள்ளை இருக்காரு, வந்து சொன்னாரு. அவங்களுக்கெல்லாம் யாரு இருக்கா?"

அறையில் சீப்பு நின்றது. டாக்டர் தம் காலணியைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்; ஆள் போதாமல் திண்டாடுகிறவர். எல்லாரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லத் தம் அறைச் செவிலி ஒருவரால் முடியாது, பாதிப் பேருக்கு விஷயத்தைப் புரியவைக்கவே ஒரு நாள் ஆகும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் இன்றே தொடங்கிவிடலாம் என்றார். கம்பெனி ஆள் அதில் உட்கார்ந்தால் மேலாளர் என்ன சொல்வாரோ என்று மாப்பிள்ளை ஒரு கணம் நினைத்தான். அவன் நினைப்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"போங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "இவளே என் தலையை ஒழுங்கா வாரலை. நீங்க இங்க நின்னு என்ன செய்யப்போறீங்க?"

டாக்டரின் அறையில் ஓரமாக ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தார்கள். செவிலி எண்ணை அழுத்தி, மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பேச வேண்டியவர் தொடர்பில் வந்ததும் ரிசீவரை அவனிடம் நீட்டினார். மறுமுனையில் ஒரு முதியவர். பின்னால் வானொலி பாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். உறையைப் பற்றியும் தகட்டைப் பற்றியும், பயப்பட வேண்டாம் ஆனால் பார்த்துவிட வேண்டும் என்றும், அத்தையிடம் சொன்னதைவிடக் கோவையாகவே சொன்னான்.

முதியவர் முழுதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைப்பா. என் கால் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்படித்தான் எங்க அத்தையும் சொல்லிக்கிட்டிருந்தாங்க, ஐயா."

வானொலியின் சத்தம் குறைந்தது. உங்கள் வீட்டில் படி இருக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்டான். இருக்கிறது என்றார் அவர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நான்கு படி ஏறி இறங்கிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

"இப்பவா?"

"இப்பத்தான் ஐயா. அவசரப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முதியவர் தொலைபேசியை எதன்மேலோ வைக்கும் ஒலி கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஏறுகிற ஒவ்வோர் அடியையும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.